பழி வேறு, பொறுப்பு வேறு



விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் வீட்டில் முதலில் எழுந்திருப்பவர் என் பாட்டிதான். வயது 76. எழுந்ததும் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, "பெரட்டுக்கு நேரமாச்சு, மண்டோர் ஏசுவாரு" என்று சொல்லிக்கொண்டே வாசல் கதவைத் திறக்கப் போவார். நாங்கள் இருப்பது ஷா ஆலமில், ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடி. பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டமோ சுங்கை சிப்புட் பக்கம். அந்த ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பாட்டிக்கு மட்டும் அந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன.

நாலு வருடத்துக்கு முன்னால் டாக்டர் இதற்கு டிமென்ஷியா என்று பெயர் சொன்னார். தமிழில் முதுமை மறதி நோய். கடைக்குப் போய் உப்பு வாங்க மறப்பது எல்லாருக்கும் நடக்கும். கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியே மறந்துபோவது வேறு. அதுதான் இந்த நோய். சொல்லப்போனால் இது ஒரே ஒரு நோய் இல்லை, மூளையைப் பாதிக்கும் பல நோய்களுக்கு வைத்த பொதுப்பெயர். அதிகம் காணப்படுவது அல்சைமர். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கெட்டுப்போவதால் வருவது இன்னொரு வகை. 2018-இல் நம் நாட்டில் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இது இருக்கக்கூடும் என்று தெரியவந்தது. இதைப் படிக்கும் உங்களில் சிலர் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ நாலு மணிக்குக் கதவைத் திறக்கப் போகலாம்.

நோயைப் பற்றி எழுத நான் டாக்டர் இல்லை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த நோயை வைத்து நான் செய்த ஒரு தப்பையும், அதிலிருந்து எனக்குள் எழுந்த ஒரு கேள்வியையும்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

அந்த ராத்திரி

போன செமஸ்டர் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். பாட்டியின் நோயைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. டிமென்ஷியா வரும் வாய்ப்பைக் கூட்டுகிற, ஆனால் மாற்றக்கூடிய, 14 காரணங்களை அதில் பட்டியல் போட்டிருந்தார்கள். சிறு வயதில் படிப்புக் குறைவு, காது கேளாமை, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தலையில் அடி, உடல் அசைவு இல்லாமை, இனிப்பு நீர், புகை, ரத்த அழுத்தம், உடல் பருமன், அளவுக்கு மீறிய மது, தனிமை, காற்று மாசு, பார்வைக் குறைவு. இந்த 14-ஐயும் வாழ்நாள் முழுக்க நீக்க முடிந்தால், உலகத்தில் வரும் டிமென்ஷியாவில் சுமார் 45 விழுக்காட்டைத் தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாம் என்பது அவர்கள் கணக்கு.

படிக்கப் படிக்க எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்றால் அந்தப் பட்டியலில் எங்கள் வீடு தெரிந்தது.

தாத்தா இறந்த பிறகு, 2014-இல், பாட்டியைத் தோட்டத்திலிருந்து எங்களோடு அழைத்து வந்தோம். அங்கே அவருக்குக் கோயில் இருந்தது, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருந்தார்கள், நாலு கோழியும் கொஞ்சம் கீரையும் இருந்தன. இங்கே ஒரு நாற்காலியும் டிவியும். அடுப்படிக்கு வந்தால், "நீங்க உட்காருங்க, வாழ்நாள் பூரா உழைச்சிட்டீங்க" என்போம். அது எங்கள் அன்பு. வந்த ஒன்றிரண்டு வருடத்தில் காது மந்தமானது. டிவி சத்தம் கூடியது. நாங்கள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் சிரிக்கும்போது பாட்டி, "என்னா? என்னா சொல்றான்?" என்று கேட்பார். திரும்பக் கத்திச் சொல்ல யாருக்குப் பொறுமை? "ஒண்ணுமில்ல பாட்டி" என்போம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அந்த "ஒண்ணுமில்ல பாட்டி"யைச் சொல்லியிருப்போம். கொஞ்ச நாளில் அவர் கேட்பதையே விட்டுவிட்டார்.

அன்று ராத்திரி எட்டரைக்கு அம்மா வேலை முடிந்து வந்தார். சாப்பிடக்கூட விடவில்லை நான். போனை நீட்டிப் பட்டியலைக் காட்டினேன்.

"காது மெஷின் ஏம்மா வாங்கல? இனிப்பு நீருக்கு ஒழுங்கா மருந்து சாப்பிடுறாங்களான்னு ஏன் பார்க்கல? தோட்டத்துல இருந்தவங்கள ஏன் இங்க கொண்டாந்து அடைச்சி வச்சோம்?"

அம்மா பட்டியலை மெதுவாகப் படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப யாரும் எனக்கு இதைச் சொல்லலியேடா" என்றார். அவ்வளவுதான். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சொன்னதில் ஒரு தகவல்கூடப் பொய் இல்லை. இருந்தும் நான் செய்தது தப்பு என்று அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் தெரிந்தது. எங்கே தப்பு? அதுதான் என் கேள்வி.

கணக்கு என்ன சொல்கிறது?

முதலில் அந்த 45-ஐப் பார்ப்போம். கணக்குத் தெரிந்த நானே அதைத் தப்பாகப் படித்துவிட்டேன். அது கோடிக்கணக்கான மக்களைச் சேர்த்துப் போட்ட கணக்கு. நூறு நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, "இந்த 45 பேருக்கு வராமலே இருந்திருக்கும்" என்று யாராலும் விரல் நீட்ட முடியாது. வயது, பரம்பரை மரபணு, இன்னும் பிடிபடாத காரணங்கள் எல்லாம் கலந்துதான் ஒருவருக்கு நோய் வருகிறது. காது மெஷின் வாங்கியிருந்தால் என் பாட்டிக்கு இது வந்திருக்காது என்று சொல்ல எந்த ஆராய்ச்சியும் எனக்கு உரிமை தரவில்லை. அப்படி இருக்க, அம்மாவைக் கூண்டில் ஏற்ற நான் யார்?

அடுத்து, அந்தப் பட்டியலில் எத்தனை காரணங்கள் ஒருவர் தானாகத் தேர்ந்தெடுத்தவை? பாட்டி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தார். அதற்கு மேல் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு லயத்தில் இருந்தாக வேண்டும். பெற்றோர் இரண்டு பேரும் மரம் வெட்டப் போனால் குழந்தையை யார் பார்ப்பது?

சிறு வயதுப் படிப்புக்கும் எழுபது வயது மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்ற ஆராய்ச்சியாளர் 1986-இல் கன்னியாஸ்திரிகளிடம் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 678 பேர் அதில் சேர்ந்தார்கள். இறந்த பிறகு தங்கள் மூளையை ஆய்வுக்குத் தரவும் ஒப்புக்கொண்டார்கள். சிலருடைய மூளையில் அல்சைமர் அடையாளங்கள் நிறைய இருந்தன. ஆனால் உயிரோடு இருந்தவரை அவர்கள் நினைவு தெளிவாகவே இருந்தது. படிப்பு, மொழி, மூளைக்குக் கொடுக்கும் வேலை ஆகியவை ஒரு கையிருப்பைச் சேர்க்கின்றன, அடி விழுந்தாலும் அது கொஞ்ச காலம் தாங்குகிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் தரும் விளக்கம். இன்ஜினியரிங்கில் பாலம் கட்டும்போது, வரும் பாரத்தைவிட அதிகம் தாங்குகிற மாதிரிதான் கட்டுவோம். அந்தக் கூடுதல் பலம் மாதிரிதான் இதுவும். ஏழு வயதில் எழுத்தும் புத்தகமும் சேர்த்து வைக்க வேண்டிய கையிருப்பை என் பாட்டியால் சேர்க்க முடியவில்லை. அந்த நேரத்தில் அவர் தன் தம்பியை வளர்த்துக்கொண்டிருந்தார். இதில் யார் மேல் பழி போடுவது?

வினை என்று சொன்ன மாமா

எங்கள் சொந்தத்தில் ஒரு மாமா இருக்கிறார். பாட்டியைப் பார்க்க வந்தவர், "எல்லாம் போன ஜென்மத்து வினை. நம்ம கையில என்னா இருக்கு?" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். அவரும் நானும் எதிரெதிர் என்று முதலில் நினைத்தேன். அவர் விதி என்கிறார், நான் விஞ்ஞானம் என்கிறேன். யோசித்துப் பார்த்தால் இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான். அவர் பழியைப் போன ஜென்மத்தின் மேல் போட்டார். நான் அம்மா மேல் போட்டேன். இரண்டு பேருமே பழியைப் போட்ட கையோடு எழுந்து போய்விட்டோம். பாட்டி அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

வினை என்பதை நான் மறுக்க வரவில்லை. ஆனால், என் செயலை நான் நிறுத்துப் பார்ப்பதற்காகப் பெரியவர்கள் கொடுத்த தராசு அது என்றுதான் எனக்குப் படுகிறது. அதை அடுத்தவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து அவரை எடைபோடக் கூடாது.

1954-இல் காமெட் என்ற ஜெட் பயணிகள் விமானங்கள் இரண்டு, சில மாத இடைவெளியில் நடுவானத்தில் உடைந்து விழுந்தன. வகுப்பில் எங்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லித் தருவார்கள். ஒரு விமானத்தின் உடற்பகுதியைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது வருகிற அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துச் சோதித்தார்கள். உலோகம் களைத்துப்போய், திறப்புகளின் மூலையில் சிறு விரிசல் தொடங்கி, பிறகு மொத்தமாகக் கிழிந்தது தெரியவந்தது. அந்தச் சோதனையால் இறந்தவர்கள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு கட்டிய விமானங்களில் ஏறியவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

பழிக்கும் பொறுப்புக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இங்கேதான் புரிந்தது. இரண்டுக்கும் வேண்டிய தகவல் ஒன்றுதான். பழி பின்னால் திரும்பி, "யார் செய்தது?" என்று கேட்கும். பொறுப்பு முன்னால் பார்த்து, "அடுத்து யாரைக் காப்பாற்றலாம்?" என்று கேட்கும். நான் கையில் வைத்திருந்த பட்டியல் நல்ல பட்டியல். அதைப் பிடித்த திசைதான் தப்பு.

நினைவு போனால் ஆளும் போய்விடுவாரா?

இங்கே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. "நாம் உடம்பு இல்லை, உயிர் என்று சமய வகுப்பில் படிக்கிறோம். அப்புறம் மூளையைக் காப்பாற்றுவதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்று என் நண்பன் கேட்டான்.

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் இதைப் பற்றிப் பேசுகிறது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய அந்தக்கரணங்கள் உயிருக்குக் கருவிகள், அவற்றில் எதுவும் உயிர் ஆகாது என்பது அதன் முடிவு. அரசனுக்கு அமைச்சர்கள் எப்படியோ, உயிருக்கு அவை அப்படி. இதை நான் இரண்டு விதமாக எடுத்துக்கொள்கிறேன். அமைச்சர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனாலும் அரசன் அரசன்தான். பாட்டிக்கு என் பெயர் மறந்துவிட்டது என்பதற்காக அவர் என் பாட்டி இல்லாமல் போகவில்லை. அவருக்கு உரிய மரியாதையில் ஒரு குன்றிமணிகூடக் குறையக் கூடாது. அவர் இருக்கும்போதே அவரைப் பற்றி, "இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அடுத்தவரிடம் பேசக் கூடாது. இது ஒன்று. அமைச்சர்கள் இல்லாமல் அரசன் எதையும் நடத்த முடியாது என்பது இரண்டாவது. அன்பு செய்வதற்கும், கும்பிடுவதற்கும், நல்லது கெட்டது பிரித்துப் பார்ப்பதற்கும் நமக்குக் கொடுத்திருக்கும் கருவி இது. கொடுத்த கருவியைத் துருப்பிடிக்க விடுவது பக்தி ஆகாது.

பாட்டியின் கையில் மல்லிகையையும் நாரையும் கொடுத்துப் பாருங்கள். நேற்று என்ன சாப்பிட்டார் என்று தெரியாது. ஆனால் கை தானாகப் பூக்கட்டும், ஒரு முடிச்சுத் தவறாது. கை பழகிய வேலைக்கான நினைவு மூளையில் வேறு பாதையில் இருப்பதால் அது கடைசியில்தான் போகும் என்கிறார்கள். பத்து வருடமாக நாங்கள், "உட்காருங்க, உட்காருங்க" என்று சொன்னோமே, அந்தக் கைகளையும் சேர்த்துத்தான் உட்கார வைத்தோம்.

நம் வீட்டில் இப்போது யார்?

டிமென்ஷியா என்றால் கிழவர்கள் சமாச்சாரம், நமக்கு இன்னும் நாற்பது வருடம் இருக்கிறது என்று நினைப்போம். அல்சைமரில் மூளை மாற்றம், வெளியே மறதி தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. ரத்த அழுத்தம், இனிப்பு நீர், கொழுப்பு, காது எல்லாவற்றையும் கவனிக்க வேண்டிய முக்கியமான காலம் நடுத்தர வயது. 45 முதல் 60 வரை. இப்போது உங்கள் வீட்டில் அந்த வயதில் இருப்பது யார்? உங்கள் அம்மா அப்பாதான்.

அந்தச் சண்டைக்கு இரண்டு நாள் கழித்து இது எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு 52 வயது. நான் அவரிடம் பழைய குற்றத்தை விசாரித்துக்கொண்டிருந்தேன். அவருடைய பிரஷர் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுநாள் அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். ஒரு ரிங்கிட் கட்டணம். பிரஷர் 158-க்கு 96. சர்க்கரை எல்லைக்கோட்டில். "தலைவலி வரும், பனடோல் போட்டுக்குவேன்" என்றார் டாக்டரிடம், சின்னப் பிள்ளை மாதிரி.

நம் உடல் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடுதான். உடம்பு எடுக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே வாங்கிக்கொள்கிறது. முடியைவிட மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் அதில் பெரும்பகுதி போய்ச் சேருகிறது. பல வருடம் அழுத்தமும் சர்க்கரையும் ஏறி நின்றால் அந்தக் குழாய்கள் என்ன ஆகும் என்று சொல்ல இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டு இந்தியர்களில் வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. மற்ற இனங்களைவிட அதிகம். கல்யாணத்தில் தட்டு நிறையச் சோறும், தினம் மூன்று தடவை பால்டின் போட்ட தேத்தண்ணியும் நம் மூளைக்கும்தான் போகின்றன.

என்ன செய்யலாம்? பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரை உள்ள, நோய் வர வாய்ப்பு அதிகம் இருந்த 1260 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, ரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், நினைவு, சிந்தனைச் சோதனைகளில் முதல் பிரிவு கொஞ்சம் முன்னால் இருந்தது. 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். அதிசயம் இல்லை, கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ஒரு பாட்டிக்குத் தன் பேரன் பெயர் இன்னும் ஒரு வருடம் நினைவில் இருக்கலாம் இல்லையா?

ஆகவே நண்பர்களே, இந்த வாரம் இதைச் செய்யுங்கள். அம்மா அப்பாவின் பிரஷரும் சர்க்கரையும் எவ்வளவு என்று கேளுங்கள். தெரியாது என்றால் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. வீட்டில் யாராவது டிவி சத்தத்தைக் கூட்டினால் சிரிக்காமல் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். பக்கத்துக் கடைக்குத்தானே என்று ஹெல்மெட் போடாமல் மோட்டார் ஓட்டாதீர்கள். இயர்போன் சத்தத்தைக் குறையுங்கள். உங்கள் காதும் அறுபது வயது வரை உழைக்க வேண்டும். கோயில் திருவிழாவில் வயதானவர்களுக்கு நாற்காலி போட்டு ஓரமாக உட்கார வைப்பதோடு நிறுத்தாதீர்கள். பூக்கட்டக் கொடுங்கள், பாடச் சொல்லுங்கள், பழைய கதை கேளுங்கள்.

இதையெல்லாம் செய்தும் நோய் வரலாம். வந்தால், "சரியா இருந்திருந்தா வந்திருக்காதே" என்று யாரையும் கேட்காதீர்கள். அது பழியின் கேள்வி.

இப்போது நானும் அம்மாவும், நான் வீட்டில் இருக்கும் நாட்களில், சாயங்காலம் தாமானைச் சுற்றி நடக்கிறோம். மாத்திரை சாப்பிட்டாரா என்று தினமும் ஹாஸ்டலிலிருந்து கேட்கிறேன். சேமித்துப் பாட்டிக்குக் காது மெஷினும் வாங்கினோம். போன நினைவு அதனால் திரும்பாது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். போட்ட முதல் நாள், அடுப்படியில் தாளிக்கும் சத்தம் கேட்டுப் பாட்டி திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் ஒரு சட்டமும் போட்டிருக்கிறோம். "ஒண்ணுமில்ல பாட்டி" என்று யாரும் சொல்லக் கூடாது. போன வாரம் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, "என்னா சொல்றான்?" என்று கேட்டார். ரொம்ப வருடத்துக்குப் பிறகு கேட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, முழுக் கதையையும் சொன்னேன். சிரித்தார். ஐந்து நிமிடத்தில் மறந்துவிட்டு, "நீ யார் வீட்டுப் புள்ளப்பா?" என்று கேட்டார்.

"ஒங்க மகள் வீட்டுப் புள்ள பாட்டி" என்றேன்.

"அப்ப நம்ம புள்ளதான்" என்றார்.